நைலானைத் தந்த கரோதர்ஸ்: அவர் ஒதுக்கிவைத்த பொருளுக்குள் தடுப்பூசியை ஏன் அடைக்கிறார்கள்?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, தையல் பிரிக்க வர வேண்டாம், அதுவே கரைஞ்சிடும் என்று டாக்டர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த நூல் எதனால் ஆனது தெரியுமா? பெரும்பாலும் பாலியஸ்டர். ஆமாம், சட்டைத் துணியில் இருக்கும் பாலியஸ்டரின் நெருங்கிய சொந்தம்தான். ஒரே வித்தியாசம், இது உடம்பில் உள்ள தண்ணீர் பட்டுப் பட்டு, சில வாரங்களில் உடைந்து காணாமல் போய்விடும்.

இதே பொருளை கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக்கி, அதற்குள் தடுப்பூசி மருந்தை வைத்து உடம்புக்குள் அனுப்பினால் என்ன? முதல் டோஸ் உடனே வெளிவரும். அடுத்தடுத்த டோஸ்கள், உருண்டை கரையக் கரைய, நாள் பார்த்து வெளிவரும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை அலைய வேண்டாம், ஒரே ஊசி போதும். பல ஆண்டுகளாக விஞ்ஞானிகள் துரத்திக்கொண்டிருக்கும் யோசனை இது.

இந்தப் பொருளின் கதையைப் பின்னோக்கிப் போனால், தடுப்பூசி பக்கமே போகாத ஒருவரிடம் வந்து நிற்போம். வேதியியல் பாடப் புத்தகத்தில் நைலானைக் கண்டுபிடித்தவர் என்று ஒரே வரியில் முடிந்துபோகும் வாலஸ் ஹியூம் கரோதர்ஸ். 41 வயதில் இறந்துபோனார். தான் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்ற நினைப்பு கடைசிவரை அவரை விடவில்லை.

கணக்கு வாத்தியார் டு கெமிஸ்ட்ரி வாத்தியார்

1896 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார் கரோதர்ஸ். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா ஐரா, டெ மாயின் நகரில் ஒரு வணிகக் கல்லூரியில் ஆசிரியர். மகனும் முதலில் அங்கேயே கணக்கியல் படித்தார். பிறகு 1915-ல் மிசோரி மாநிலத்தின் டார்க்கியோ கல்லூரியில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். செலவுக்காக அங்கேயே மற்ற மாணவர்களுக்குக் கணக்கியல் பாடமும் எடுத்தார்.

முதல் உலகப் போர் நேரம். கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். பாடம் எடுக்க ஆளில்லை. கடைசியில் கல்லூரி கண்டுபிடித்த வழி, இன்னும் பட்டமே வாங்காத கரோதர்ஸையே வேதியியல் எடுக்கச் சொன்னது! தைராய்டு வீக்கம் இருந்ததால் ராணுவத்தில் அவரைச் சேர்க்கவில்லை. அதனால் அவரும் ஊரில்தான் இருந்தார்.

1920-ல் பட்டம். அடுத்து இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸிடம் ஆய்வு. 1924-ல் முனைவர் பட்டம். 1926-ல் ஹார்வர்டில் ஆசிரியர் வேலை. ஆனால், வகுப்பறையில் நின்று பேசுவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. கூச்ச சுபாவம். ஆராய்ச்சி மட்டும் செய்துகொண்டிருக்க விடுவார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்றவரை விடாத நிறுவனம்

1927-ல் டூபாண்ட் நிறுவனம் ஒரு வித்தியாசமான முடிவை எடுத்தது. உடனே விற்கக்கூடிய பொருள் வேண்டாம், அடிப்படை அறிவியலுக்கு மட்டும் ஒரு குழு வேண்டும். நிறுவனத்தின் வேதியியல் இயக்குநர் சார்லஸ் ஸ்டைனின் யோசனை அது. குழுவுக்குத் தலைவராக அவர்கள் தேடிப்போனது 31 வயது கரோதர்ஸை.

அவர் முதலில் மாட்டேன் என்றார். அதற்குச் சொன்ன காரணம்தான் முக்கியம். தனக்கு அவ்வப்போது மனம் சோர்ந்து வேலையே ஓடாத நாட்கள் வரும், பல்கலைக்கழகத்தில் அதைச் சமாளித்துவிடலாம், தொழில் நிறுவனத்தில் அது பெரிய பிரச்னையாகிவிடும் என்று டூபாண்ட் அதிகாரிக்கு வெளிப்படையாகவே எழுதினார். இன்றைக்குக்கூட வேலைக்கான இன்டர்வியூவில் இதைச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? 1927-ல் அவர் எழுத்திலேயே சொல்லிவிட்டார்.

டூபாண்ட் விடவில்லை. ஹார்வர்டு சம்பளத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னது. 1928 பிப்ரவரியில் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் உள்ள டூபாண்ட் ஆய்வகத்தில் சேர்ந்தார் கரோதர்ஸ்.

சங்கிலியா, கூட்டமா?

அப்போது வேதியியல் உலகில் ஒரு பெரிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர், பட்டு, பருத்தி இதெல்லாம் எதனால் ஆனவை? ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர், இவை ஆயிரக்கணக்கான அணுக்கள் வரிசையாகக் கோத்த மிக நீளமான சங்கிலி மூலக்கூறுகள் என்றார். பலர் சிரித்தார்கள். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாது, சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஏதோ ஒரு விசையால் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்பது அவர்கள் வாதம்.

கரோதர்ஸ் வாதத்தில் இறங்கவில்லை. சங்கிலியை நானே ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக் காட்டினால் முடிந்தது என்று நினைத்தார்.

ரயில் பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு முனையிலும் கொக்கி. இரு முனையிலும் அமிலக் கொக்கி உள்ள ஒரு மூலக்கூறு, இரு முனையிலும் ஆல்கஹால் கொக்கி உள்ள இன்னொரு மூலக்கூறு. இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் கொக்கிகள் மாட்டிக்கொள்ளும். இந்தப் பிணைப்புக்கு எஸ்டர் என்று பெயர். இப்படிப் பல எஸ்டர் பிணைப்புகளால் நீளும் சங்கிலிதான் பாலியஸ்டர். ஒவ்வொரு முறை கொக்கி மாட்டும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே வரும்.

வந்தது சிக்கல். ஜெர்மானிய வேதியியல் மேதை எமில் ஃபிஷர் கட்டிய மூலக்கூறின் எடை சுமார் 4,200. அதுதான் தாண்ட வேண்டிய சாதனை. கரோதர்ஸ் குழு தாண்டியது. ஆனால் 6,000 பக்கம் போனதும் ரயில் நின்றுவிட்டது. எவ்வளவு சூடாக்கினாலும் சங்கிலி நீளவில்லை.

குற்றவாளி தண்ணீர். கொக்கி மாட்டும்போது வெளிவரும் அதே தண்ணீர், அங்கேயே தங்கி, மாட்டிய கொக்கிகளைத் திரும்பக் கழற்றிக்கொண்டிருந்தது. மாட்டுவதும் கழற்றுவதும் சமமாக நடந்தால் சங்கிலி எப்படி வளரும்?

அதனால் தண்ணீரைத் துளிகூட விடாமல் வெளியேற்றும் ஒரு வெற்றிடக் கருவியைப் பயன்படுத்தினார்கள். 1930 ஏப்ரலில் குழுவின் ஜூலியன் ஹில், 12,000-க்கும் மேல் எடையுள்ள பாலியஸ்டரை எடுத்தார். உருகிய நிலையில் ஒரு குச்சியை விட்டு இழுத்தால் நூல் நூலாக வந்தது. ஆறிய நூலைப் பிடித்து மறுபடி இழுத்தால், பல மடங்கு நீண்டு, பட்டு போலப் பளபளத்தது. வலுவும் கூடியது. கரோதர்ஸ் ஊரில் இல்லாத ஒருநாள், எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்று பார்க்க, குழுவினர் ஆய்வக வராந்தாவில் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடியதாக ஒரு கதை உண்டு.

அதே மாதம், அதே குழுவின் ஆர்னால்டு காலின்ஸ், பின்னாளில் நியோப்ரீன் எனப்பட்ட செயற்கை ரப்பருக்கான மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார். ஒரே மாதத்தில் செயற்கை ரப்பரும் செயற்கை இழையும். வேறு எந்த ஆய்வகமாக இருந்தாலும் கொண்டாடித் தீர்த்திருப்பார்கள்.

வெந்நீருக்குத் தாங்காத நூல்

ஆனால் அந்தப் பட்டு நூலை வைத்துத் துணி நெய்ய முடியாது. 100 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். இஸ்திரி போட்டால் போச்சு. டிரை கிளீனிங் திரவத்தில் கரையும். தண்ணீரோ அதன் கொக்கிகளை மெல்லக் கழற்றிக்கொண்டே இருக்கும். துவைத்தால் கரையும் சட்டையை யார் வாங்குவார்கள்?

ஸ்டைனுக்குப் பதிலாக இயக்குநரான எல்மர் போல்டனுக்கு விற்கக்கூடிய பொருள் வேண்டும். கரோதர்ஸுக்கோ நூலைவிட அதன் பின்னால் இருந்த கணக்குதான் முக்கியம். அந்த நேரத்தில் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றுதான் நம் கதைக்குத் தேவை. 1932-ல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து எழுதியது. ஆறு அணுக்கள் வளையமாக அமைந்த எஸ்டர்களைச் சூடாக்கினால், வளையம் திறந்து சங்கிலியாகிறது, சங்கிலி மறுபடி வளையமாகவும் மாறுகிறது என்று அதில் காட்டினார்கள். அந்த வளையங்களில் ஒன்று லாக்டைடு. தயிர் புளிக்கும்போது உண்டாகுமே, அதே லாக்டிக் அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் வளையம் அது.

லாக்டைடு சங்கிலியால் டூபாண்டுக்கு அப்போது எந்தப் பயனும் இல்லை. கட்டுரை இதழில் வந்தது, அலமாரிக்குப் போனது. பாலியஸ்டர் நூல் திட்டமும் மூட்டைகட்டப்பட்டது. (அதை மீட்டவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1941-ல் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் வேறொரு அமிலத்தைச் சேர்த்து, எளிதில் உருகாத, தண்ணீருக்கு அஞ்சாத பாலியஸ்டரை உருவாக்கினார்கள். நம் சட்டையில் இருப்பது அந்த வகை.)

நைலான்: பெயர் வைக்கும் முன்பே போனவர்

போல்டன் வற்புறுத்த, 1934-ல் கரோதர்ஸ் மறுபடியும் இழை ஆராய்ச்சிக்கு வந்தார். இந்த முறை எஸ்டர் வேண்டாம், அதைவிட உறுதியான அமைடு கொக்கி. பட்டிலும் கம்பளியிலும் இயற்கை வைத்திருப்பதும் அதே பிணைப்புதான். அந்த ஆண்டு மே மாதம் குழுவின் டொனால்டு காஃப்மன் முதல் நல்ல இழையை இழுத்தார். 1935 பிப்ரவரி 28 அன்று ஜெரார்டு பெர்ஷே, இரு பக்கமும் ஆறு ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளிலிருந்து பாலிஅமைடு 6,6-ஐ உருவாக்கினார். 260 டிகிரிக்கு மேல்தான் உருகும். இதுதான் நைலான்.

வெளியே இப்படி வெற்றி. உள்ளே வேறு கதை. 1934 கோடையில் யாரிடமும் சொல்லாமல் காணாமல் போனார். பால்டிமோரில் ஒரு மனநல மருத்துவமனையில் இருப்பது பிறகு தெரியவந்தது. குடிப்பழக்கமும் கூடியிருந்தது. 1936 பிப்ரவரியில் டூபாண்டிலேயே வேலை பார்த்த ஹெலன் ஸ்வீட்மனைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிக்குத் தேர்வானார். தொழில் நிறுவனத்தில் வேலை செய்யும் கரிம வேதியியலாளர் ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. சில மாதங்களில் பிலடெல்பியாவில் மருத்துவமனை வாசம். மாற்றம் வேண்டும் என்று பழைய குரு ரோஜர் ஆடம்ஸோடு ஆல்ப்ஸ் மலைக்கு அனுப்பினார்கள். நடந்தார், திரும்பினார். சோர்வு மட்டும் கூடவே திரும்பி வந்தது.

1937 ஜனவரியில் பாசத்துக்குரிய தங்கை இசபெல் நிமோனியாவில் இறந்தார். அந்த அடியிலிருந்து கரோதர்ஸ் மீளவில்லை. நைலானின் அடிப்படைக் காப்புரிமைக்கு ஏப்ரல் 9 அன்று விண்ணப்பம் போனது. ஏப்ரல் 29 அன்று, 41 வயது முடிந்து இரண்டாவது நாள், பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் அறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது ஹெலன் கர்ப்பமாக இருந்தார். மகள் பிறந்தது அந்த ஆண்டு நவம்பரில்.

(தாங்க முடியாத மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால், மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி மையத்தை 104 என்ற எண்ணிலும் அழைத்துப் பேசலாம்.)

மன அழுத்தத்துக்கு இன்று இருக்கும் மாத்திரைகளில் ஒன்றுகூட அன்று கிடையாது. முதல் மாத்திரைகள் வந்தது 1950-களில். கரோதர்ஸைத் திறமையை வீணடித்த மேதை என்று எழுதுபவர்கள் இதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

நைலான் என்ற பெயரோடு உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1938 அக்டோபரில். அமெரிக்கா முழுக்க நைலான் காலுறை விற்பனைக்கு வந்தது 1940 மே 15 அன்று. இரண்டையும் அவர் பார்க்கவில்லை. சங்கிலி மூலக்கூறு சண்டையில் ஜெயித்த ஸ்டாடிங்கருக்கு 1953-ல் நோபல் பரிசு. கரோதர்ஸ் குழுவில் 1934-ல் இளைஞராகச் சேர்ந்த பால் ஃப்ளோரிக்கு 1974-ல் நோபல்.

குறையைத் தேடி வந்த டாக்டர்கள்

இப்போது ஆரம்பத்தில் பார்த்த தையல் நூலுக்கு வருவோம். தண்ணீர் பட்டால் உடையும் நூல் துணிக்கடைக்கு உதவாது. ஆனால் டாக்டருக்கு அதுதானே வேண்டும்? கிளைகாலிக் அமிலச் சங்கிலியால் ஆன கரையும் தையல் நூல் 1970 வாக்கில் வந்தது. கூடவே லாக்டிக் அமிலத்தையும் கலந்து செய்த நூல் அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. இந்தக் கலவைக்குத்தான் பி.எல்.ஜி.ஏ என்று பெயர்.

இது உடம்புக்குள் உடைந்தால் கிடைப்பது லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும். ஓடிக் களைத்த தசையிலும் லாக்டிக் அமிலம் உண்டாகத்தான் செய்கிறது. அதனால் உடம்புக்கு இது புது ஆள் இல்லை. கடைசியில் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியேற்றிவிடும்.

இன்னொரு வசதி, இதன் வேகத்தை நாமே முடிவு செய்யலாம். இரண்டும் பாதிக்குப் பாதி இருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் கரையும். லாக்டிக் பங்கைக் கூட்டினால் தண்ணீர் உள்ளே நுழைவது குறைந்து, கரைய இன்னும் பல மாதம் ஆகும்.

நூலுக்கு அடுத்து மருந்து. புராஸ்டேட் புற்றுநோய்க்கான லூப்ரோலைடு மருந்தை இதே வகை நுண் உருண்டைகளில் வைத்து, மாதம் ஒரு ஊசியாகப் போட 1989-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. 2003-ல் மனச்சிதைவு நோய்க்கான ரிஸ்பெரிடோன், 2006-ல் குடிப்பழக்கத்திலிருந்து மீள உதவும் நால்ட்ரெக்சோன். இரண்டும் பி.எல்.ஜி.ஏ உருண்டைக்குள் வைத்த ஊசிகள்தான். கரோதர்ஸின் கடைசி வருஷங்களைப் படித்தவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் சும்மா கடந்துபோவது கஷ்டம்.

தடுப்பூசிக்கு ஏன் இது கஷ்டம்?

நம் ஊரில் குழந்தைக்குப் பென்டாவேலன்ட் தடுப்பூசி 6, 10, 14-வது வாரங்களில் போடப்படுகிறது. முதல் டோஸ், நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு எதிரியை அறிமுகம் செய்கிறது. அடுத்த டோஸ்கள் அந்த நினைவைப் பலப்படுத்துகின்றன. சிக்கல் என்னவென்றால், உலகின் பல பகுதிகளில் முதல் ஊசிக்கு வருபவர்கள் எல்லோரும் மூன்றாவது ஊசிக்கு வருவதில்லை. தூரம், கூலி வேலை, இடம்பெயர்வு, போர் என்று காரணங்கள் பல.

உருண்டைக்கு இங்கே இரண்டு வேலை. சுமார் 10 மைக்ரானுக்குக் குறைவான துகளைப் பார்த்தால், நம் பாதுகாப்பு செல்கள் கிருமி என்று நினைத்து விழுங்கிவிடும். பாக்டீரியாவும் கிட்டத்தட்ட அந்த அளவுதானே! அதனால் உள்ளே இருக்கும் தடுப்பூசிப் பொருள் சரியான செல்லுக்கு நேராகப் போய்ச் சேருகிறது. பெரிய துகள்கள் ஊசி போட்ட இடத்திலேயே தங்கி, குட்டிக் கிடங்கு போல மெல்ல மெல்ல வெளிவிடும். (கொரோனா எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசியில் இருந்தவை கொழுப்புத் துகள்கள். அது வேறு, இது வேறு.)

1990-களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு, ரண ஜன்னிக்கு ஒரே ஊசி கொண்டுவரத் தீவிரமாக முயன்றார்கள். விலங்குகளிடம் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் மருந்துக்கடை வரை அது வரவில்லை. ஏன்?

மறுபடியும் அதே தண்ணீர்தான். உருண்டைக்குள் தண்ணீர் நுழைந்து கொக்கிகள் கழலும்போது, வெளிவரும் அமிலம் உள்ளேயே தேங்குகிறது. நடுவில் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். தடுப்பூசியில் இருப்பது பெரும்பாலும் புரதம். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்துவிடுகிறதல்லவா, அதுபோலத்தான். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்துப் பாதுகாக்கும் மருந்து, 37 டிகிரி உடம்பில், புளித்த தண்ணீரில், வாரக்கணக்கில் தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். உருண்டை சரியான நாளில் திறந்தாலும், உள்ளே இருப்பது கெட்டிருந்தால் பயனில்லை. உருண்டை செய்யும்போது சேர்க்கும் கரைப்பான்களும் புரதத்தைக் கெடுக்கும். பத்தாததற்கு, ஊசியில் போகும் பொருளைக் கிருமியே இல்லாமல் பெரிய அளவில் தயாரிக்க வேண்டும்.

அமிலத்தைத் தணிக்க உப்புகளைச் சேர்ப்பது, புரதத்தைக் காக்கச் சர்க்கரை வகைகளைச் சேர்ப்பது, உருண்டையின் வடிவத்தையே மாற்றுவது என்று பல வழிகளில் வேலை நடக்கிறது. 2017-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி குழு, பி.எல்.ஜி.ஏ-வில் மூடி போட்ட குட்டி காபி கப் போன்ற துகள்களை உருவாக்கியது. உள்ளே மருந்து, மேலே ஒட்டிய மூடி. எலிகளுக்குச் செலுத்தியபோது, எந்தக் கலவையில் செய்தார்களோ அதைப் பொறுத்து 9-வது, 20-வது, 41-வது நாள் என்று மருந்து சட்டென்று வெளிவந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியாமல், நிஜமான இரண்டாவது டோஸ் போலவே.

மனிதர்களுக்கான இப்படியொரு தடுப்பூசி இன்னும் சந்தைக்கு வரவில்லை. 41 நாள் கழித்துத் திறக்கும் மூடியைச் செய்தாகிவிட்டது. அந்த 41 நாளும் உள்ளே இருக்கும் புரதத்தைக் கெடாமல் வைத்திருப்பதில்தான் இப்போது ஆய்வகங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.